கிணற்றடித் தடம்

செவெல்மாவின் சாப்பாட்டுக் கூடாரம் கருங்குன்றின் தெற்கு அடிவாரத்தில், நிலக்கரி லாரிகள் எல்லைக்குப் போகும் வழியில் இருந்தது. சுரங்கத்தில் சுமை ஏற்றிக்கொண்டு கிளம்பும் டிரைவர்களுக்குச் சரியாக அந்த இடத்தில்தான் வயிறு கிள்ள ஆரம்பிக்கும் என்று அவள் கணவன் பூரேவ் சொல்வான். கோபிப் பாலைநிலத்தில் அதைவிட நல்ல இடம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கிடைக்காது.

கடை வைக்க வேண்டும் என்று நினைத்து வந்தவள் இல்லை அவள். கல்யாணமான புதிதில் அவளுக்கும் பூரேவுக்கும் ஆடுகள் இருந்தன, குதிரைகள் இருந்தன. ஒரு கோடையில் மழை பொய்த்தது. அடுத்து வந்த குளிர்காலத்தில் பனி விழுந்து, உருகி, மறுபடி இறுகிப் புல்லைக் கண்ணாடி போல மூடிக்கொண்டது. ஆடுகள் நின்ற இடத்திலேயே விறைத்தன. வசந்தம் வந்தபோது அவர்களுக்கு மிஞ்சியது ஓர் ஒட்டகமும் ஒரு மோட்டார் சைக்கிளும் கைக்குழந்தை உயங்காவும்தான். அவளுடைய அண்ணன் தக்வா முதல் பனியிலேயே மந்தையைத் தெற்கே ஓட்டிப் போய்விட்டதால் பாதியைக் காப்பாற்றியிருந்தார். திரும்பி வந்தவர் தங்கையின் கம்பளிக் கூடாரத்தைப் பிரித்துத் தன் ஒட்டகங்களில் ஏற்றி, தன்னுடைய கிணற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். "தண்ணி இருக்கற எடத்துல இரு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அந்த ஆண்டுதான் சுரங்கம் பெருகியது. லாரிகள் வரத் தொடங்கின. ஒருநாள் இரண்டு டிரைவர்கள் வந்து வெந்நீர் கேட்டார்கள். அவள் உப்புப் போட்ட பால்தேநீரைக் கொடுத்தாள். அவர்கள் தலையணைக்கடியில் பணத்தைச் செருகிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் வேறு சிலர் வந்து சாப்பிட ஏதாவது உண்டா என்றார்கள். இருந்த கறியைக் கொத்தி மாவுக்குள் வைத்து மடித்து ஆவியில் வேகவைத்துக் கொடுத்தாள். இப்படித்தான் அது கடையாயிற்று. பூரேவ் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டான். உயங்கா வளர்ந்து தலைநகரில் பல் மருத்துவம் படிக்கப் போனாள். வட்டாரத் தலைமையூரில் புதுப் பள்ளிக்கூடம் எழும்பியது. மருத்துவமனைச் சுவர்களுக்குள் அறைகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் ஓடியது. எல்லாம் கரியால் வந்தது என்பதை யாரும் மறுத்ததில்லை.

தார்ச்சாலை மட்டும் வரவில்லை. வெறும் மண்தான். ஒரு தடம் குழி விழுந்து கெட்டுப்போனால் டிரைவர் அதற்குப் பக்கத்திலேயே புல்லின்மேல் ஏற்றிப் புதுத்தடம் போடுவான். அதுவும் கெட்டால் இன்னொன்று. சீப்பால் வாரிய தலைபோல நிலம் வகிடு வகிடாய்ப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் ஒரு புழுதிவால் எழும்பும். காற்றில்லாத குளிர்நாளில் அது இறங்காது, தொங்கிக்கொண்டே நிற்கும். தக்வாவின் வெள்ளை ஒட்டகம் வெள்ளையாக இருந்தது எப்போது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

உயங்கா தலைநகரில் படித்துக்கொண்டிருந்த ஓர் ஆண்டு, குளிர் இறங்கியதும் தக்வா வழக்கம்போல ஆடுகளை ஓட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தார். குளிர்காலம் முழுவதற்குமான கறியை அந்தச் சமயத்தில்தான் அறுத்து உறைய வைப்பார்கள். கடைக்கும் அவருடைய ஆடுகள்தான். நெஞ்சுக்குக் கீழே சிறிதாகக் கீறி, உள்ளே கைவிட்டு, உயிர்நரம்பைப் பிடித்து நிறுத்துவது அங்கே வழக்கம். ரத்தம் மண்ணில் சிந்தக் கூடாது. தக்வா அதைச் சத்தமில்லாமல் செய்வார். உள்ளுறுப்புகளை எடுத்துச் சுத்தம் செய்வது செவெல்மாவின் வேலை.

நுரையீரலைத் தூக்கிப் பார்த்தாள். இளஞ்சிவப்பாய்ப் பஞ்சுபோல இருக்க வேண்டியது சாம்பல் பூத்து, கரும்புள்ளிகளோடு இருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே மணல் கிடப்பதுபோல நெருடியது. அவள் அதை அண்ணன் முன்னால் வைத்தாள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அடுத்த ஆட்டை அறுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவது ஆட்டின் கயிற்றை அவிழ்த்து மந்தைக்குள் விட்டுவிட்டார்.

"சீக்கு ஏதும் இருந்திருக்குமோ அண்ணே? இருமிச்சா?"

"எல்லா ஆடுந்தான் இருமுது. ஏன், நான் இருமலையா?"

அவர் இரண்டு நுரையீரல்களையும் ஒரு தட்டத்தில் வைத்து வெளியே குளிரில் உறையவிட்டார். மாதக் கடைசியில் வட்டாரத் தலைமையூரில் கூட்டம் இருக்கிறது, சுரங்கத்துக்காரர்களும் வருவார்கள், அங்கே கொண்டுபோய்க் காட்டப்போகிறேன் என்றார். செவெல்மா குறுக்கிட்டாள்.

"கறி நல்லாத்தானே இருக்கு? இதைத் தூக்கி எறிஞ்சாப் போச்சு. அங்க கொண்டுபோய்க் காட்டினா நாளைக்கு உங்க ஆட்டை எவன் வாங்குவான்? என் கடைல எவன் திம்பான்?"

"அப்ப அவங்களுக்குத் தெரியாமத் திங்க வைக்கலாங்கறியா?"

அன்று மாலை அந்த இரண்டு ஆடுகளின் கறியை அவள் உறையவைத்தாள். ஆனால் கடைப்பானையில் போடக் கை வரவில்லை.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. செவெல்மா பின்வரிசையில் உட்கார்ந்தாள். தக்வா நேராக மேடைக்கு முன்னால் போய், தட்டத்தை மேசைமேல் வைத்துத் துணியை விலக்கினார். முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். புழுதி படிந்த நுரையீரல் என்றும், தசைக்கறியில் கெடுதல் இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். இரண்டாவதாகச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

சுரங்கத்தின் சார்பில் வந்திருந்தவள் நோமின் என்ற இளம்பெண். சுற்றுச்சூழல் பொறியாளர். வடக்கே மேய்ப்பர் குடும்பத்தில் பிறந்தவள் என்பது அவள் தட்டத்தின்மேல் துணியை மறுபடி போர்த்திய மரியாதையிலேயே தெரிந்தது. அவள் சுற்றிவளைக்கவில்லை. புழுதி அதிகம் என்பது உண்மை, தண்ணீர் லாரிகளை விட்டுத் தடங்களை நனைத்துக்கொண்டே இருந்தால் பாதிக்கு மேல் அடங்கும், அதற்கு நிர்வாகம் தயாராக இருக்கிறது என்றாள். மண்டபத்தில் ஒரு நிம்மதி பரவியது. தக்வா உட்காரவில்லை.

"அந்தத் தண்ணியை எங்கேர்ந்து எடுப்பீங்கம்மா?"

நோமின் கையில் காகிதம் இருந்தது. அதைப் பார்க்கவில்லை. "ஆழத்துலேர்ந்துதான் ஐயா. ஆழ்குழாய் போடணும்."

"எங்க கிணறு எறங்குமா?"

"எறங்காதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நான் அப்படி அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

அதன்பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். மேற்கே தடங்களை ஒட்டி இருப்பவர்கள், முதலில் மூச்சுவிட வழி செய்யுங்கள், தண்ணீரை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். கிழக்கே இருப்பவர்கள், எங்கள் கிணறுகளில் இப்போதே வாளி தரையில் இடிக்கிறது, ஒரு சொட்டு எடுக்க விடமாட்டோம் என்றார்கள். வட்டாரத் தலைவர் எழுந்து, லாரி நின்றால் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்டார். அவரையும் யாரும் பொய் என்று சொல்ல முடியவில்லை. எல்லோரும் உண்மையைத்தான் பேசினார்கள். அதனாலேயே எதுவும் முடிவாகவில்லை.

நடுவரிசையில் இருந்த ஒச்சிருக்குக் கோபம். கிழக்கே பெரிய மந்தை வைத்திருப்பவர். நகரத்துக் கறி வியாபாரி அந்த வாரம்தான் வருவதாக இருந்தான். ஒச்சிர் எழுந்து, தட்டத்தைக் கொண்டுவந்து காட்டிய புண்ணியவான் தன் தங்கையையும் கொஞ்சம் பார்க்கட்டும் என்றார்.

"கரி கரிங்கறியே தக்வா. உன் தங்கச்சி அடுப்புல எரியறது என்ன, ஒட்டகச் சாணமா? லாரிலேர்ந்து உதிர்ந்ததைச் சாக்குல பொறுக்கிட்டு வர்றதை நாங்க பாக்கலையா?"

மண்டபம் சிரித்தது. செவெல்மா தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவர் சொன்னது நிஜம். தினமும் காலையில் கிணற்றுப் பக்கத்து வளைவில் அவள் சாக்கோடு போவாள். அங்கே நிறைய உதிர்ந்து கிடக்கும்.

அவள் பயந்ததுதான் நடந்தது. கறி வியாபாரி அந்த வட்டாரத்துக்கே வரவில்லை. தக்வாவைப் பார்த்தால் பக்கத்து மேய்ப்பர்கள் குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். டிரைவர்களுக்குச் செய்தி காற்றைவிட வேகமாகப் போயிருந்தது. கூடாரத்துக்குள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், தேநீர் குடித்தார்கள். சாப்பாடு வேண்டாம் என்றார்கள். சிலர் டப்பா நூடுல்ஸைக் கையோடு கொண்டுவந்து வெந்நீர் மட்டும் கேட்டார்கள். ஓர் இளவட்டம் பானை மூடியைத் திறந்து எட்டிப்பார்த்து, "அக்கா, இன்னைக்கு உள்ள வச்சிருக்கறது கறியா, கரியா?" என்றான். உடன் இருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். குன்றுக்கு அந்தப் பக்கம், பெருந்தடத்தோரம் கடை வைத்திருந்த துல்மா, தன் கடையில் கறி வடக்கேயிருந்து வருகிறது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பதாகப் பூரேவ் வந்து சொன்னான்.

உயங்கா தொலைபேசியில் கூப்பிட்டபோது செவெல்மா எல்லாவற்றையும் சொல்லி மாமா மேல் குறைப்பட்டுக்கொண்டாள். மகள் இருமிக்கொண்டே கேட்டாள். தலைநகரில் குளிர்காலம் தொடங்கிவிட்டது, வீட்டுக்கு வீடு புகைபோக்கி, வகுப்புக்குப் போகும்போது எதிரில் வருபவன் முகம் தெரியவில்லை என்றாள். மாமா செய்தது சரியா தப்பா என்று தாய் நேராகவே கேட்டாள். "இங்க மூச்சுல இருக்கறதும் கரிதாம்மா. நான் ராத்திரி படிக்கற வெளக்குல எரியறதும் கரிதான். நான் எதைச் சொல்லட்டும்?"

சில நாள் கழித்து அவளுடைய ஒட்டகம் காணாமல் போயிற்று. காற்றே இல்லாத, வானம் வெளுத்த ஒரு காலை. அது எங்கே நிற்கிறது என்று பார்க்கச் செவெல்மா கருங்குன்றின்மேல் ஏறினாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே ஏறியது குறைவு. கடையை விட்டு நகர முடியாது.

ஒட்டகம் வடக்கே புதர்களுக்கிடையில் நின்றது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவள் கண் தெற்கே போனது. தடங்கள் எல்லாம் மேற்கே, தூரத்தில், ஒரு கட்டாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் அந்தக் கட்டிலிருந்து பிரிந்து, குன்றைச் சுற்றி வில்போல வளைந்து, தக்வாவின் கிணற்றை உரசிக்கொண்டு வந்து, அவளுடைய கூடாரத்து வாசலைத் தொட்டு, மறுபடி போய்க் கட்டோடு சேர்ந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு லாரி அந்த வளைவில் திரும்பியது. சுமை ஒரு பக்கம் சாய்ந்தது. தார்ப்பாயின் ஓரத்திலிருந்து கரி உதிர்ந்தது. பின்னால் எழுந்த புழுதி மெல்ல விரிந்து கிணற்றின்மேலும், ஆடுகள் குடிக்கும் தொட்டியின்மேலும், அதற்கப்பால் தக்வாவின் பட்டியின்மேலும் போய்ப் படுத்துக்கொண்டது. லாரி அவள் வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி உள்ளே போனான்.

அந்தத் தடத்தைப் போட்டது சுரங்கம் இல்லை. எந்த வரைபடத்திலும் அது இருக்காது. அவளுடைய தேநீருக்காக டிரைவர்கள் ஒருவர் பின் ஒருவராக வண்டியைத் திருப்பித் திருப்பிப் போட்ட தடம் அது. தினமும் அதைக் கடந்து தண்ணீர் எடுத்திருக்கிறாள். அதில் கரி பொறுக்கியிருக்கிறாள். கீழே நின்று பார்க்கிறவரை அது மற்றத் தடங்களைப் போல ஒரு தடமாகத்தான் இருந்தது. அவள் ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தாள். கீழே வாசலில் நின்ற டிரைவர் அவளைத் தேடிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ஒட்டகத்தைப் பிடித்துக் கட்டியபின் அவள் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். தக்வா அடுப்பருகே சேணவாரைத் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணி தேநீரை ஊற்றி வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாளோ, சாணம் எடுக்கக் கூடையோடு வெளியே போனாள்.

"அண்ணே, உங்க கிணத்துப் பக்கமா வளைஞ்சு போற தடம் என் கடைக்கு வர்ற தடம்."

"ஆமா."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம? எனக்கு என்ன கண்ணா போச்சு?"

"கூட்டத்துல அவ்வளவு பேசினீங்க. அந்த ஒச்சிரு என்னைச் சொன்னப்பகூட இதைச் சொல்லலையே."

தக்வா ஊசியை வாரில் குத்தி வைத்தார். "அங்க உன்னைக் கொண்டாந்து குடி வச்சவனே நான்தான். ஊருக்கு முன்னாடி நின்னு உன்னைக் கெளம்புன்னா சொல்லுவேன்?" கொஞ்ச நேரம் இருமினார். "சொல்லணும்னு தோணாம இல்ல. இந்தப் பனி போகட்டும், உயங்கா படிப்பு முடியட்டும்னு தள்ளிக்கிட்டே வந்தேன். சுரங்கத்துக்காரன் தவணை சொல்றான்னு நான் திட்டறேன். நானும் அதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தேன்."

அவள் தேநீரைக் குடித்து முடித்தாள். இடத்தை மாற்றிவிடுகிறேன் என்றாள். அவர் வேண்டாம் என்று சொல்வார் என அவள் உள்ளூர எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. அது அவளுக்கு வலித்தது. திரும்பி நடந்தபோது, வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இன்னும் அதிகமாக வலித்திருக்கும் என்றும் தோன்றியது.

பூரேவிடம் சொன்னபோது அவன் எழுந்தே நின்றுவிட்டான். குன்றுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கிடையாது. காற்று கூடாரத்தைப் பிய்த்துவிடும். துல்மாவும் இன்னும் இரண்டு பேரும் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கெட்ட பெயர் எடுத்த கடை அவர்களுக்கு நடுவில் போய் நின்றால் யார் உள்ளே வருவார்கள்? இதையெல்லாம் அடுக்கிவிட்டு, கடைசியில் அவன் கேட்டான்:

"நீ ஒருத்தி நகந்தா சொரங்கம் நின்னுடுமா?"

"நிக்க வேணாம். உயங்கா படிக்கணும், உன் லாரி ஓடணும். அந்தக் கெணத்துப் பக்கம் ஓட வேணாம், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் வண்டிக்குப் போய்விட்டான். எல்லைக்குப் போய்த் திரும்ப அவனுக்குச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்கள் முழுவதும் அவள் தன்னோடு தானே வழக்காடிக்கொண்டிருந்தாள். கடையை விட்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்தாள். ஒரு தடம் குறைந்தால் இந்தப் பாலைநிலத்தில் யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று யோசித்தாள். தொட்டியில் தண்ணீர் குடிக்கும் ஆடுகள் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கி இருமுவதைப் பார்த்ததும் யோசனை நின்றுபோகும். மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும்.

பூரேவ் திரும்பி வந்தபோது லாரியின் முன்னறையில் காலியான நீலநிறப் பீப்பாய்கள் சிலவற்றை அடைத்துக்கொண்டு வந்திருந்தான். எதற்கு என்று அவள் கேட்டாள். "தண்ணி வேற எதுல கொண்டாருவே, உன் கையிலயா?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

கூடாரம் பிரிக்கும் நாளில் தக்வா ஒட்டகங்களோடு வந்தார். எதிர்பாராமல் ஒச்சிரும் வந்தார். யாரும் அழைக்கவில்லை. ஒருவர் குடிமாறும்போது கை கொடுப்பது அங்கே கேட்டுச் செய்யும் காரியமல்ல. கூரைக்கழிகளை உருவிக்கொண்டே ஒச்சிர், புது இடத்திலாவது அடுப்பில் சாணம் எரியுமா என்று செவெல்மாவைச் சீண்டினார். கரி இல்லாமல் உங்கள் வீட்டு விளக்கு எரிகிறதா என்று அவள் திருப்பிக் கேட்டாள். தக்வாவும் ஒச்சிரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் பெரிய கம்பளியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சேர்ந்தே மடித்தார்கள்.

கூடாரம் போனபின்பும் லாரிகள் அந்த வளைவில் வருவது நிற்கவில்லை. பழக்கம் ஒரு பக்கம், பெருந்தடத்தின் குழிகளைத் தவிர்க்கும் ஆசை ஒரு பக்கம். தக்வாவும் செவெல்மாவும் தடத்தின் இரு முனையிலும் பாறைகளை உருட்டி வைத்தார்கள். பூரேவ் தேய்ந்த லாரி டயர்களைக் கொண்டுவந்து போட்டான். ஒருவன் டயர்களைச் சுற்றிக்கொண்டு புல்மேல் ஏறிப் போய்விட்டான். பூரேவ் அவனைத் தன் லாரியில் துரத்திப் பிடித்து, பெருந்தடத்தில் நிறுத்தி என்னவோ பேசினான். என்ன பேசினான் என்று அவளிடம் சொல்லவில்லை. அதன்பிறகு சுற்றிப் போகிறவர்கள் குறைந்தார்கள்.

நோமின் கேள்விப்பட்டுத் தானே வந்தாள். பாறைகளையும் டயர்களையும் பார்த்தாள். மறுநாள் மண்வெட்டும் இயந்திரம் ஒன்று வந்து இரு முனையிலும் பள்ளம் பறித்துவிட்டுப் போனது. ஒரே ஒரு தடத்துக்குச் சரளை போட்டுக் கெட்டிப்படுத்தி மற்றதையெல்லாம் அடைக்கச் சொல்லி மேலே எழுதியிருப்பதாக அவள் சொன்னாள். தண்ணீர் தெளிப்பதை ஊரையும் பள்ளிக்கூடத்தையும் ஒட்டிய இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஓர் ஆழ்குழாய் போதும் என்றாள். எப்போது நடக்கும் என்று செவெல்மா கேட்டாள். நோமின் உதட்டைப் பிதுக்கினாள். "கரி விலை எறங்காம இருந்தா வசந்தத்துல. எறங்கினா எனக்கே வேலை இருக்குமான்னு தெரியாதுக்கா."

வசந்தத்தில் சரளை வந்தது. கருங்குன்றுவரை வந்து நின்றுபோனது. அதற்கு அப்பால் பழையபடி மண்ணும் வகிடுகளும்தான். குன்றுவரைக்குமான தூரத்தில் மட்டும் லாரிகள் ஒரே வரிசையில் போயின. அங்கே எழும் புழுதி ஒரு சுவர்போல ஒரு பக்கமாகவே நகர்ந்தது. ஊரில் ஆழ்குழாய் போட்டார்கள். கிழக்கே இரண்டு பேர் தங்கள் கிணறு இறங்கிவிட்டது என்றார்கள். மழையில்லாத ஆண்டு, எப்படியும் இறங்கியிருக்கும் என்று மேற்கே இருப்பவர்கள் சொன்னார்கள். கால்நடை மருத்துவர் அடுத்த கூட்டத்தில், கெட்ட நுரையீரல் இனி சரியாகாது, இந்த வசந்தத்தில் பிறந்த குட்டிகள் வளர்ந்தபிறகுதான் எதையும் சொல்ல முடியும் என்றார். தக்வா வெள்ளாடுகளில் ஒரு பகுதியை விற்றார். மந்தை சிறுத்தால் புல்லுக்கும் கிணற்றுக்கும் கொஞ்சம் மூச்சு வரும் என்பது அவர் கணக்கு. அண்ணி அதற்கு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

செவெல்மாவின் கடைக்குப் புது இடத்தில் பாதிக் கூட்டம்தான். துல்மா முதலில் முறைத்தாள். ஒருநாள் பெருங்காற்றில் செவெல்மாவின் கூரைக்கம்பளி பறந்தபோது ஓடிவந்து கயிற்றைப் பிடித்தாள். அதிலிருந்து மாவும் உப்பும் கைமாறத் தொடங்கின. தண்ணீரைப் பூரேவ் வாரம் இருமுறை ஒட்டக வண்டியில், பீப்பாய்களில் அண்ணன் கிணற்றிலிருந்து கொண்டுவந்தான். தண்ணீரை அளந்து செலவழிக்கப் பழகியபின், முன்பு எவ்வளவு வீணாகக் கொட்டியிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. நல்லது செய்தோமா, நம் கையாலேயே நம் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டோமா என்ற கேள்விக்கு அவளுக்கு ஒரே பதில் கிடைக்கவில்லை. ஒரு நாள் ஒன்றாகவும் மறுநாள் வேறாகவும் தோன்றியது. அப்படியே விட்டுவிட்டாள்.

கோடையின் தொடக்கத்தில் தண்ணீருக்காகப் பூரேவோடு அவளும் கிணற்றுக்கு வந்திருந்தாள். தக்வா ஒட்டகங்களுக்கு வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். பூரேவ் பீப்பாய்களை இறக்கினான். பழைய தடம் இன்னும் மொட்டையாகத்தான் கிடந்தது. ஓரங்களில் மட்டும் முள்செடிகள் தலைகாட்டியிருந்தன. ஆடுகள்கூடத் தொடாத செடி அது.

அப்போது மேற்கே ஒரு லாரியின் இரைச்சல். புது டிரைவர் போலிருக்கிறது. பள்ளத்தையும் பாறைகளையும் ஓரமாக எப்படியோ தாண்டி, பழைய தடத்தில் நேராக வந்து, கிணற்றுக்குச் சற்று முன்னால் பிரேக் போட்டு நின்றான். பின்னால் வந்த புழுதி அவனைத் தாண்டி வந்து கிணற்றின்மேல் விழுந்தது. தக்வா வாளியைத் தொட்டிமேல் கவிழ்த்து மூடிக்கொண்டு முதுகைத் திருப்பினார்.

டிரைவர் சன்னலிலிருந்து தலையை நீட்டினான். "இங்க ஒரு அக்கா கடை இருந்துச்சாமே? பசங்க சொன்னாங்க."

"மலைக்கு அந்தப் பக்கம் போயிருச்சு" என்றாள் செவெல்மா.

"ஏன் மாத்திட்டாங்க? இங்க கிணறெல்லாம் இருக்கே. எடம் நல்லாத்தானே இருக்கு?"

"எடம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அவள். "நீ வந்த வழியே போ. சரளை போட்ட தடத்துல ஏறினா கடைக்குக் கொண்டுபோய் விட்டுடும்."

அவன் தலையாட்டிவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தான். சக்கரம் தடத்தை விட்டுப் புல்பக்கம் திரும்பியது. அவள் ஓடிப்போய் முன்னால் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். இங்கே திருப்பாதே, வந்த தடத்திலேயே பின்னுக்கு எடு என்றாள். இவ்வளவு பெரிய வண்டியைச் சுமையோடு அவ்வளவு தூரம் பின்னுக்கு எடுப்பதா என்று அவன் வாய்விட்டே முனகினான். கிணற்றடியில் தக்வா நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூரேவ் பீப்பாயைக் கீழே வைத்துவிட்டு வந்து லாரியின் மறுபக்கம் நின்றுகொண்டான்.

"நான் பாத்துச் சொல்றேன். நீ எடு" என்றாள் செவெல்மா.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ரிவர்ஸ் போட்டான். அவள் லாரியோடு கூடவே நடந்தாள். "வா... வா... கொஞ்சம் எடப்பக்கம்... ஒடிக்காத, நேரா வா." வண்டி தன் தடத்தின்மேலேயே அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கியது. அவ்வளவு மெதுவாகப் போனதால் புழுதியே எழும்பவில்லை.